மாண்டிசோரி அம்மையார்

எழுத்தறிவு மனிதன் பெற்ற செல்வங்களுள் தலைசிறந்தது. ஆயினும், அச்செல்வத்தைக் குழந்தைகளுக்கு வழங்கும் முறை நெடுங்காலம் இன்னாததாகவே இருந்துவந்தது. வரிசையாக இட்ட பலகைகளில் அசையாது அமர்ந்திருத்தல், பொருள் விளங்காத கோடுகளையும் வளைவுகளையும் பன்முறை வரைதல், பிழை நேர்ந்தால் பிரம்படி பெறுதல் ஆகிய இவையே பல நாடுகளிலும் தொடக்கக் கல்வியின் அடையாளங்களாக விளங்கின. பள்ளி என்றதும் குழந்தை அழுவது இயல்பு என்றே பெரியோர் எண்ணினர். அவ்வழுகை குழந்தையின் குற்றம் அன்று, கற்பிக்கும் முறையின் குற்றமே என்று கண்டவர் மரியா மாண்டிசோரி அம்மையார். ஆடும் கைகளின் வழியாகவே எழுத்தும் படிப்பும் குழந்தையின் உள்ளத்திற் புகும் என்பதை அவர் செயலால் மெய்ப்பித்தார்.

அவர் இத்தாலி நாட்டிற் பிறந்தவர்; மருத்துவம் பயின்றவர்; முதுமையில் நம் சென்னை அடையாற்றிலும் கொடைக்கானலிலும் தங்கி ஆசிரியர் பலரைப் பழக்கியவர். அவருடைய வாழ்க்கை வரலாற்றை இங்குக் காண்போம்.

இளமையும் கல்வியும்

மாண்டிசோரி அம்மையார் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் இத்தாலியில் அங்கோனா நகருக்கு அருகிலுள்ள கியாராவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அலெசாந்திரோ அரசாங்க அலுவலர்; பழைய வழக்கங்களில் பற்றுடையவர். தாயார் ரெனில்டே நூல்களில் ஈடுபாடு மிக்கவர். இவர்களுக்கு மரியா ஒரே மகள். மகளின் கல்வியை முன்னிட்டும் தந்தையாரின் அலுவலை முன்னிட்டும் அக்குடும்பம் 1875-ஆம் ஆண்டில் ரோம் நகரிற் குடியேறியது.

அக்காலத்தில் இத்தாலியப் பெண்களுக்குத் திறந்திருந்த தொழில் ஆசிரியத் தொழில் ஒன்றே எனலாம். மரியாவின் உள்ளமோ அதில் செல்லவில்லை. கணக்கில் நாட்டங் கொண்டிருந்த அவர், பொறியியல் கற்க விரும்பி, ஆண்பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் தம் பதின்மூன்றாம் வயதிற் சேர்ந்தார். பின்னர் அவர் கருத்து மருத்துவத்தின்பாற் சென்றது. தந்தையார் அதனை விரும்பவில்லை. தாயார் துணைநின்றார். முதலில் இயற்கை அறிவியல் பயின்று, பின் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவி ஆனார் மரியா.

அங்கு அவர் பட்ட இன்னல்கள் பல. உடன் பயின்ற ஆடவர் அவரை வேண்டாத விருந்தினராகவே நோக்கினர். உயிரற்ற உடலை அறுத்து ஆராயும் பாடத்தில் ஆடவரோடு ஒரு பெண் இருப்பது தகாது என விலக்கினமையால், எல்லாரும் சென்றபின், பிணங்கள் கிடந்த கூடத்தில் அவர் தனித்திருந்து பயில வேண்டியதாயிற்று. இளம்பெண் ஒருத்திக்கு அது எளிய செயலா? ஆயினும் அவர் பின்வாங்கினாரல்லர். 1896-ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்று, இத்தாலியின் முதற்பெண் மருத்துவர் சிலருள் ஒருவராக விளங்கினார். அதே ஆண்டில் பெர்லின் நகரில் நடந்த பன்னாட்டு மகளிர் மாநாட்டுக்குத் தம் நாட்டின் சார்பாளராகச் சென்று, ஒத்த உழைப்புக்கு ஆணும் பெண்ணும் ஒத்த ஊதியம் பெறவேண்டும் என வாதிட்டார்.

ஒதுக்கப்பட்ட குழந்தைகள்

பட்டம் பெற்ற மாண்டிசோரி, ரோம் பல்கலைக்கழகத்து மனநோய் மருத்துவமனையிற் பணி மேற்கொண்டார். நோயாளரைத் தேர்ந்தெடுப்பதற்காக மனநோயாளர் விடுதிகளுக்கு அவர் அடிக்கடி செல்வதுண்டு. அங்கு, மனவளர்ச்சியிற் பின்தங்கிய குழந்தைகளும் முதியோருடன் அடைக்கப்பட்டுக் கிடந்தனர். ஒரு விடுதியில், உணவு முடிந்தவுடன் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைத் தேடுவதைக் காவற்பெண் இழிவாகக் கூறினாள். மாண்டிசோரி அவ்வறையைச் சுற்றி நோக்கினார். வெறுஞ் சுவர்கள், வெறுந்தரை, கையில் எடுத்து ஆராய ஒரு பொருளும் இல்லை. அக்குழந்தைகள் துணுக்குகளைத் தேடியது வயிற்றுப் பசியால் அன்று, கைகளின் பசியால், அறிவின் பசியால் என்று அவர் உணர்ந்தார். அவர்களுக்கு வேண்டியது மருந்தினும் கல்வியே என்னும் கருத்து அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

இத்துறையில் முன்னரே உழைத்த பிரெஞ்சு மருத்துவர் இருவர் இருந்தனர். ஒருவர் இதார், மற்றவர் அவர் மாணவர் செகேன். அவர்தம் நூல்களை மாண்டிசோரி தேடிப் பெற்றார். ஒவ்வொரு சொல்லின் பொருளையும் நின்று நிதானித்து உணரவேண்டும் என்பதற்காக, அவற்றை இத்தாலிய மொழியிற் பெயர்த்துத் தம் கையாலேயே முழுவதும் எழுதினார். 1900-ஆம் ஆண்டில் இத்தகைய குழந்தைகளுக்கென ரோமில் ஒரு பள்ளி தோன்றியபோது, அதன் தலைவர் இருவருள் ஒருவரானார். காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரையில் தாமே குழந்தைகளோடிருந்து கற்பித்தார். இரவில் அன்று கண்டவற்றைக் குறித்து வைத்தார்.

அங்குப் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். கைகளில் வலிமை இருந்தும் அவளுக்குத் தையல் வரவில்லை. ஊசியை மேலுங் கீழுமாகச் செலுத்தும் அசைவு அவளுக்குப் பிடிபடவில்லை. மாண்டிசோரி ஊசியை எடுத்து வைத்துவிட்டு, தாட்பட்டைகளை மேலுங் கீழுமாகக் கோத்துப் பாய்போலப் பின்னும் விளையாட்டைக் கொடுத்தார். அதில் அவள் தேர்ந்தபின் மீண்டும் ஊசியைக் கொடுத்தபோது, தையல் எளிதாக வந்தது! ஒரு செயலைச் செய்யச் சொல்லி வருத்துவதற்கு முன், அச்செயலுக்கு வேண்டிய அசைவுகளை வேறு விளையாட்டின் வாயிலாகக் கைக்குப் பழக்கிவிட வேண்டும் என்பது அன்று அவர் கண்ட உண்மை. அவர் பின்னாளில் அமைத்த எழுத்துப் பயிற்சிக்கு அதுவே அடிப்படையாயிற்று.

அறிவற்றவர் என்று ஒதுக்கப்பட்ட அக்குழந்தைகளுட் சிலர், எழுதவும் படிக்கவும் கற்று, மற்றப் பிள்ளைகளோடு பொதுத்தேர்வெழுதி வெற்றி பெற்றனர். கண்டோர் வியந்தனர். மாண்டிசோரியோ வேறொன்றை எண்ணி வருந்தினார். குறையுள்ள குழந்தைகள் இவ்வளவு முன்னேற இயலுமாயின், குறையில்லாத குழந்தைகள் இவர்களோடு ஒத்த நிலையிலேயே நிற்பது ஏன்? பொதுப்பள்ளிகளில் அவர்களுடைய ஆற்றலைத் தடுத்து நிறுத்துவது யாது? இவ்வினாவே அவர் வாழ்வின் போக்கை மாற்றியது. 1901-ஆம் ஆண்டில் அப்பள்ளியை விட்டு விலகி, மீண்டும் பல்கலைக்கழக மாணவியாகி, மெய்யியலும் உளவியலும் கற்கத் தொடங்கினார்.

இக்காலத்தில் அவர் தாங்கிய துயரம் ஒன்றுண்டு. 1898-ஆம் ஆண்டில் அவருக்கு மரியோ என்னும் மகன் பிறந்தான். அக்காலச் சமூகக் கட்டுப்பாடுகளால் அவனைத் தம்முடன் வைத்து வளர்க்க இயலாமல், நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தினரிடம் ஒப்படைத்தார். பிறர் குழந்தைகளுக்காக உழைத்த அவர், தம் குழந்தையை அவ்வப்போது சென்று காணும் நிலையிலேயே இருந்தார். தம் தாயார் மறைந்த பின்னர், 1913-ஆம் ஆண்டிலேயே மகன் அவருடன் வந்து சேர்ந்தான். பின்னர் இறுதிவரை அவருக்கு வலக்கையாக விளங்கியவரும் அம்மகனே.

குழந்தைகள் இல்லம்

ரோம் நகரில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி. அங்கிருந்த பெரிய அடுக்குமனைகள் சிலவற்றைக் கட்டடக் குழுமம் ஒன்று வாங்கிச் செப்பனிட்டது. பெற்றோர் காலையில் வேலைக்குச் சென்றுவிட, பள்ளி செல்லும் வயது வராத குழந்தைகள் மாடிப்படிகளிலும் தாழ்வாரங்களிலும் திரிந்து, புதிதாக வெள்ளையடித்த சுவர்களைக் கெடுத்து வந்தனர். சுவர்களைச் செப்பனிடும் செலவினும், குழந்தைகளை ஓரறையிற் சேர்த்துக் காக்கும் செலவு குறைவு என்று குழுமத்தார் கணக்கிட்டனர். அப்பொறுப்பை ஏற்குமாறு மாண்டிசோரியை வேண்டினர். புகழ்பெற்ற மருத்துவர் ஒருவருக்கு ஏற்ற பணியன்று அது எனப் பலர் கருதினர். அவரோ தம் வினாவுக்கு விடை காணும் இடம் அதுவே என உணர்ந்து உவகையுடன் இசைந்தார்.

1907-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6-ஆம் நாள், மார்சி தெருவில் முதலாவது குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது குழந்தைகள். ஆறு ஏழு வயதுக்கு உட்பட்டவர். அஞ்சி ஒடுங்கி, அழுத கண்ணராய், ஆடை கிழிந்தவராய் வந்து நின்றனர். அவர்தம் பெற்றோருள் பெரும்பாலார் எழுத்தறியாதவர். அமர்த்தப்பட்ட ஆசிரியையும் தேர்ந்த பயிற்சி பெற்றவரல்லர். பணமும் போதிய அளவு இல்லை. தாம் அமைத்த கருவிகளைக் குழந்தைகளிடம் எவ்வாறு கொடுப்பது என்பதை மட்டும் ஆசிரியைக்குக் கற்பித்துவிட்டு, குழந்தைகள் செய்வதை மாண்டிசோரி ஊன்றி நோக்கலானார்.

அவர் கண்டவை வியப்பளித்தன. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, அளவிற் சிறிதும் பெரிதுமாகிய மரவுருளைகளை அவற்றுக்குரிய குழிகளிற் பொருத்திக் கொண்டிருந்தாள். மற்றக் குழந்தைகளைச் சுற்றிப் பாடச் சொல்லியும் அவள் நிமிரவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் அவள் தன் செயலை விடவில்லை. நாற்பது தடவைக்கு மேல் அதனையே செய்துவிட்டு, உறங்கி எழுந்தவள்போலப் புன்முறுவலுடன் நிமிர்ந்து பார்த்தாள். குழந்தைக்கு மனத்தை ஒருமுகப்படுத்தும் ஆற்றல் இல்லை என்று கூறுவது பிழை என்பதை அச்சிறுமி காட்டினாள்.

மற்றொரு நாள் ஆசிரியை காலந்தாழ்த்து வந்தார். கருவிகள் இருந்த நிலைப்பேழை முதல்நாள் பூட்டப்படவில்லை. குழந்தைகள் தத்தமக்கு வேண்டியவற்றைத் தாமே எடுத்து அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தனர். ஆசிரியை அதனைத் திருட்டு என எண்ணினார்; மாண்டிசோரி அதனை அறிவின் விழிப்பு எனக் கொண்டார். அன்றுமுதல் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் திறந்த தட்டுகள் அமைக்கப்பட்டன. பெரிய பலகைகளுக்கு மாறாகக் குழந்தைகளே தூக்கிச் செல்லத்தக்க சிறு மேசைகளும் நாற்காலிகளும் இடப்பட்டன. பரிசும் தண்டனையும் நாளடைவில் நீங்கின.

காண்பவர் அனைத்தையும் விளையாட்டு என்றனர். அம்மையாரோ அதனைக் குழந்தையின் வேலை என்றே குறித்தார். முதியவனுக்குத் தொழில் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது குழந்தைக்குக் கைகளால் செய்யும் இவ்விளையாட்டு என்பதே அவர் கொள்கை.

விரல் கற்ற எழுத்து

முதலில், இத்துணைச் சிறு குழந்தைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் எண்ணம் மாண்டிசோரிக்கு இல்லை. எழுத்தறியாத தாய்மார்கள் அவரிடம் வந்து, தம் மக்களுக்கு எழுதப் படிக்கக் கற்பிக்குமாறு வேண்டினர். தாம் பெறாத பேற்றைத் தம் மக்களாயினும் பெறவேண்டும் என்னும் அவர்தம் வேட்கையை அவர் புறக்கணிக்க விரும்பவில்லை.

முன்னைய பள்ளியில் அவர் அழகிய மரவெழுத்துகளைச் செய்வித்திருந்தார். இங்கு அவை கிடைத்தில. எனவே, தாளை வெட்டி எழுத்துகள் செய்தார். தச்சர் மரத்தைத் தேய்க்கப் பயன்படுத்தும் உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி வழவழப்பான அட்டைகளில் ஒட்டினார். வறுமையால் நேர்ந்த இம்மாற்றம் நன்மையாகவே முடிந்தது. விலை மிக்க மரவெழுத்து ஒன்றுதான் இருக்கும். தாளெழுத்தோ வேண்டிய அளவு செய்துகொள்ளலாம்.

அவர் அமைத்த பயிற்சி மூன்று பகுதிகளை உடையது. முதலாவது, எழுதுகோல் பிடிக்கக் கையைப் பழக்குதல். மரவுருளைகளின் தலையில் இருந்த சிறு குமிழ்களைக் குழந்தை மூன்று விரல்களாற் பற்றி எடுக்கும்; அம்மூன்று விரல்களே பின்னர் எழுதுகோலைப் பிடிப்பவை. வட்டம், சதுரம் முதலிய வடிவங்கள் வெட்டப்பட்ட உலோகச் சட்டங்களைத் தாள்மேல் வைத்து, உள்விளிம்பை ஒட்டிக் கோடு வரைந்து, அவ்வடிவத்தின் உட்புறத்தை வண்ணக்கோடுகளால் நிரப்பும். அது படம் வரையும் ஆட்டமே ஆயினும், எல்லை கடவாது கோடிழுக்கும் திறமை கைக்கு அதனால் வந்துவிடும்.

இரண்டாவது, எழுத்தின் வடிவத்தை அறிதல். குழந்தை உப்புத்தாள் எழுத்தின் மீது, எழுதும் திசையிலேயே, தன் விரல்களை ஓட்டும். அப்போதே அவ்வெழுத்தின் ஒலியைச் சொல்லும். விரல் வழுவி வழவழப்பான அட்டையிற் சென்றால், பிழையை விரலே உணர்த்திவிடும். ஆசிரியை கடிந்துரைக்க வேண்டுவதில்லை. கண் வடிவைக் காண, செவி ஒலியைக் கேட்க, விரல் அசைவைக் கற்கின்றது. கண்ணை மூடிக்கொண்டு எழுத்தைத் தடவி இன்னதெனக் கண்டுபிடிப்பது குழந்தைகள் பெரிதும் விரும்பிய ஆட்டம். கற்பிக்கும் வகையும் எளியதே. முதலில் ஆசிரியை எழுத்தைக் காட்டி ஒலியைச் சொல்வார். அடுத்து, ஒலியைச் சொல்லி எழுத்தைக் காட்டச் சொல்வார். இறுதியில், எழுத்தைக் காட்டி ஒலியைக் கேட்பார். இம்முறை செகேன் வகுத்தது. குழந்தை தவறினால் அதனைத் திருத்தித் துன்புறுத்தாமல், வேறொரு நாள் மீண்டும் தொடங்குவார்.

மூன்றாவது, சொற்களை அமைத்தல். பல அறைகள் கொண்ட பெட்டியில், உயிரெழுத்துகள் ஒரு நிறத்திலும் மெய்யெழுத்துகள் வேறொரு நிறத்திலுமாகத் தாளெழுத்துகள் நிறைந்திருக்கும். ஆசிரியை ஒரு சொல்லைத் தெளிவாக ஒலிப்பார். குழந்தை அதன் ஒலிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டு, அவற்றுக்குரிய எழுத்துகளை எடுத்து வரிசையாக வைக்கும். இன்னும் எழுதுகோல் தொடாத குழந்தை, இவ்வாறு சொற்களை அமைக்கத் தொடங்கிவிடும்.

எழுது என்று அம்மையார் எவரையும் ஏவவில்லை. வேண்டிய திறமைகள் யாவும் தனித்தனியே கைகூடிவந்தன. அவை ஒன்றுசேரும் நாளையே அவர் எதிர்நோக்கியிருந்தார். 1907-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், வெயில் இனிதாய்க் காய்ந்த ஒரு நாள், குழந்தைகளோடு அவர் மொட்டைமாடியில் இருந்தார். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, அங்கிருந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் தரையில் நன்றாக வரைந்தான். அம்மையார் பாராட்டினார். அவன் அவரை நோக்கிப் புன்னகை புரிந்தான்; ஒரு நொடி தயங்கினான்; பின், தனக்கு எழுத வரும், எழுத வரும் என்று கூவிக்கொண்டே, கை என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லை எழுதினான். அடுத்துப் புகைபோக்கி என்று எழுதினான். பின் கூரை என்று எழுதினான். அவன் கூவியதைக் கேட்டு ஓடிவந்த குழந்தைகளுட் சிலர், மகிழ்ச்சியால் உடல் நடுங்கச் சுண்ணக்கட்டி கேட்டனர், அவர்களும் எழுதினர். அவர்களுள் ஒருவரும் அதற்குமுன் ஒரு சொல்லும் எழுதியவரல்லர்!

அதன்பின் எழுதும் ஆர்வம் காட்டாறுபோற் பெருகியது. கதவுகளிலும் சுவர்களிலும் குழந்தைகள் எழுதினர். வீட்டில் ரொட்டியின் மேலும் எழுதினர். தாளும் எழுதுகோலும் கையில் இருக்கும்படியே உறங்கிப்போன குழந்தையும் உண்டு. பெரிய பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகள் அக்டோபரில் தொடங்கிய கோடுகளையும் வளைவுகளையும் இன்னும் வரைந்துகொண்டிருக்க, இங்குக் குழந்தைகள் இருவர் கிறிஸ்துமஸ் திருநாளில், கட்டடக் குழுமத்தின் தலைவருக்கு அடித்தல் திருத்தலின்றி வாழ்த்து மடல் எழுதினர். நான்கு வயதுக் குழந்தைக்கு, பயிற்சி தொடங்கியது முதல் முதற்சொல் எழுதுவது வரையில் ஒரு திங்கள் முதல் ஒன்றரைத் திங்களே ஆயிற்று என அம்மையார் குறித்துள்ளார்.

படிப்பின் சுவை

எழுதத் தெரிந்த குழந்தைக்குப் படிக்கத் தெரியாதா என்று நாம் எண்ணலாம். இரண்டும் ஒன்றல்ல. எழுதுவோன் தான் அறிந்த சொல்லை ஒலிகளாகப் பிரிக்கின்றான். படிப்போன் பிறர் வைத்த ஒலிகளைக் கூட்டி அறியாத சொல்லைக் காண்கின்றான். ஆதலின் எழுத்துக்குப் பின்னரே படிப்பு வந்தது.

அதற்கும் அம்மையார் ஓர் ஆட்டம் அமைத்தார். பந்து, பொம்மை முதலிய விளையாட்டுப் பொருள்களின் பெயர்களைச் சீட்டுகளில் எழுதி மடித்து வைத்தார். ஒரு சீட்டை எடுத்துச் சரியாகப் படிக்கும் குழந்தை, அப்பொருளை எடுத்து விளையாடலாம் என்பது விதி. நடந்தது வேறு. படித்து முடித்த குழந்தைகள் விளையாட்டுப் பொருள்களைத் தொடவில்லை. அடுத்த சீட்டுக்கே கை நீட்டினர்! சீட்டுகள் தீரும் வரையில் அவர்கள் ஓயவில்லை. அறிவின் இன்பம் அவர்களுக்குப் பொம்மையினும் இனித்தது. பின்னர், செய்யவேண்டிய செயல்களையே சீட்டுகளில் எழுதி வைத்தார். குழந்தை வாய்விட்டுப் படியாமல் மனத்துள் படித்து, கதவை மூடுதல், நாற்காலியை நகர்த்துதல் போன்ற அச்செயலைச் செய்துகாட்டும். எழுத்து பேசும் என்பதைக் குழந்தைகள் இவ்வாறு உணர்ந்தனர்.

புகழும் இடர்களும்

சான் லொரென்சோவின் செய்தி எங்கும் பரவியது. 1909-ஆம் ஆண்டில் அம்மையார் தம் முறையை விளக்கி நூல் எழுதினார். அதன் ஆங்கிலப் பெயர்ப்பு 1912-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. 1915-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் பொருட்காட்சியில், கண்ணாடிச் சுவர்களுக்குள் ஒரு மாண்டிசோரி வகுப்பு நடைபெற்றது. புறத்தே நின்று மக்கள் அதனைக் கண்டனர். மாறுபட்டோரும் இருந்தனர். கற்பனை விளையாட்டுக்கும் கூடிப் பழகுதற்கும் இம்முறையில் இடம் குறைவு என அமெரிக்க அறிஞர் கில்பாட்ரிக் 1914-ஆம் ஆண்டில் எழுதினார். அம்மையார் தம் பணியை நிறுத்தவில்லை.

அதனினும் பெரிய இடர் அரசியலால் வந்தது. இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி தொடக்கத்தில் அவருடைய பள்ளிகளை ஆதரித்தார். ஆனால், தாமே எண்ணித் தாமே செயல்புரியும் குழந்தைகளை வளர்க்கும் கல்வியும், ஆணைக்கு அடங்கி அணிவகுக்கும் குடிகளை விரும்பும் ஆட்சியும் நெடுநாள் ஒத்துச் செல்லுமோ? 1934-ஆம் ஆண்டில் இருவருக்கும் உறவு முறிந்தது. அம்மையார் தாய்நாட்டை விட்டு நீங்கினார். அங்கு அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியிலும் நாஜிகளின் ஆட்சியில் மாண்டிசோரிப் பள்ளிகள் மூடப்பட்டன. அவர் தங்கியிருந்த ஸ்பெயினில் 1936-ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து வெளியேறி ஹாலந்தில் தஞ்சம் புகுந்தார்.

தமிழகத்தில் அம்மையார்

காந்தியடிகள் 1931-ஆம் ஆண்டு வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் சென்றிருந்தபோது, அம்மையாரைச் சந்தித்து அவருடைய பயிற்சிக் கல்லூரியில் உரையாற்றினார். இந்தியாவில் அவருடைய முறையில் ஆர்வம் கொண்டோர் பலர் இருந்தனர். அடையாற்றுப் பிரமஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைத்ததற்கு இணங்கி, தம் 69-ஆம் வயதில், 1939-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், மகன் மரியோவுடன் அம்மையார் சென்னைக்கு வந்தார். அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் பயிற்சி வகுப்பு நடைபெற்றது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் முந்நூற்றுவர்க்கு மேற்பட்டோர் வந்து பயின்றனர். அம்மையார் இத்தாலிய மொழியிற் பேச, மரியோ அதனை ஆங்கிலத்திற் பெயர்த்துரைத்தார்.

சில திங்களே தங்க எண்ணி வந்தவரை உலகப்போர் தடுத்து நிறுத்தியது. 1940-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசு இத்தாலியரைப் பகைநாட்டவராகக் கருதியது. மரியோ அகமத்நகர் முகாமிற் சிறைவைக்கப்பட்டார். முதிய அன்னை மகனைப் பிரிந்து அடையாற்றில் வருந்தினார். ஆகஸ்டு 31-ஆம் நாள் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அன்று, பிறந்தநாட் பரிசாக மகனை விடுவிப்பதாக அரசப் பிரதிநிதி செய்தி அனுப்பினார்.

போர்க்காலத்தில் அம்மையார் கொடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கினார். அங்குச் சிறியோரும் பெரியோருமாகிய குழந்தைகளோடு பழகி, செடிகொடிகளையும் விலங்குகளையும் வாயிலாகக் கொண்டு உலகின் ஒருமைப்பாட்டைக் கற்பிக்கும் முறையை வளர்த்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றனர். 1944-ஆம் ஆண்டில் இலங்கைக்கும் சென்று பயிற்சி அளித்தார். பிறந்த குழந்தையின் உள்ளம் தன்னைச் சுற்றியுள்ளவற்றை எவ்வாறு ஈர்த்துக்கொள்கிறது என விளக்கும் அவருடைய புகழ்பெற்ற நூல் 1949-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றிலேயே வெளியாயிற்று.

மணலிலும் அரிசியிலும் சுட்டுவிரலால் எழுதி, எழுத்தின் ஒலியை வாயாற் சொல்லிப் பழகுவது நம் திண்ணைப் பள்ளிகளின் பழைய வழக்கம். விரலும் வாயும் ஒருங்கே கற்கும் அவ்வழக்கத்தில் ஒரு நல்ல கருத்து அடங்கியிருந்தது. ஆனால், அதனோடு அடியும் அச்சமும் கலந்திருந்தன. உப்புத்தாள் எழுத்தைத் தடவும் குழந்தையின் முகத்தில் அச்சம் இல்லை. அதுவே அம்மையார் முறையின் சிறப்பு.

இறுதிக் காலம்

போர் முடிந்து 1946-ஆம் ஆண்டு ஐரோப்பா திரும்பிய அம்மையார், 1947-இல் மீண்டும் இந்தியா வந்து பணியாற்றி, 1949-இல் விடைபெற்றார். நல்ல முறையிற் கல்வி பெறும் குழந்தையே உலக அமைதியின் வித்து என்று நாடுதோறும் எடுத்துரைத்தார். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1952-ஆம் ஆண்டு மே திங்கள் 6-ஆம் நாள், ஹாலந்தின் கடற்கரை ஊராகிய நோர்டுவைக்கில், தம் 81-ஆம் வயதில் உலக வாழ்வை நீத்தார். அங்கேயே அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் நீங்கிச் சென்ற இத்தாலி நாடு, பின்னாளில் அவர் உருவத்தைத் தன் ஆயிரம் லிரா பணத்தாளிற் பொறித்துச் சிறப்பித்தது.

மாணவர்களே! மாண்டிசோரி அம்மையார் உயர்ந்தோர் வீட்டுக் குழந்தைகளிடம் தம் முறையைக் காணவில்லை. மனநோயாளர் விடுதியில் அடைபட்டோரிடமும், தொழிலாளர் குடியிருப்பில் கவனிப்பாரற்றுத் திரிந்தோரிடமுமே கண்டார். கல்வி வராது என்று பிறர் கைவிட்ட இடத்தில் அவர் நின்று நோக்கினார்; குறை குழந்தையிடம் இல்லை எனக் கண்டார். உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ தரையிற் கிறுக்கும்போதும், ஒரு பொருளையே பலமுறை எடுத்து எடுத்து வைக்கும்போதும், அதனை வீண்விளையாட்டென்று தடுக்காதீர்கள். அச்சிறு கை நாளைய எழுத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டிருக்கிறது.